மீட்டுப் பார்க்காத பிரதி காப்பாகாது

இலங்கை அரசாங்கத்தின் மேகக் கணினித் தொகுதி 2023 ஆம் ஆண்டு கப்பம் கோரும் நச்சு மென்பொருளின் தாக்குதலுக்கு இலக்கானதை நாம் மறந்துவிடலாகாது. அமைச்சரவை அலுவலகம் உட்பட அரச நிறுவனங்களின் சுமார் 5,000 மின்னஞ்சல் முகவரிகளில், அவ்வாண்டு மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தரவுகள் அழிந்துபோயின. தொகுதி விரைவில் மீள இயங்கியது. எனினும், அக்காலப்பகுதிக்குரிய காப்புப் பிரதி இருக்கவில்லை.

இப்பாடம் அரசாங்கத்துக்கு மட்டும் உரியதன்று. இன்று பாடசாலைகளும் கூட்டுறவுச் சங்கங்களும் ஆலய, பள்ளிவாசல் பரிபாலன சபைகளும் தமது பதிவேடுகளைக் கணினியிலேயே பேணுகின்றன. லினக்ஸ் இயங்குதளத்தில் இயங்கும் வழங்கிக் கணினியை வைத்திருப்போருக்குக் காப்புப் பிரதிக்கான கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

அவற்றுள் முதன்மையானது ஆர்சிங்க். 1996 இல் அன்ட்ரூ ட்ரிட்ஜெல், போல் மக்கெராஸ் ஆகியோர் வெளியிட்ட இம்மென்பொருள், மாற்றமடைந்த பகுதிகளை மாத்திரம் தொலைவிலுள்ள கணினிக்கு அனுப்புகிறது. மாறாத கோப்புகளை முந்தைய நாளின் பிரதியுடன் இணைத்துவிடுமாறும் பணிக்கலாம். இதனால் இடம் மிஞ்சும். ஒவ்வொரு நாளின் பிரதியும் முழுமையாகவே காட்சிதரும். இயங்கிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தை மட்டும் அப்படியே பிரதி செய்யலாகாது. முதலில் அதனைத் தனிக் கோப்பாக ஏற்றுமதி செய்தல் வேண்டும்.

இப்பணியை நள்ளிரவில் தானாக நிறைவேற்றுவது குரோன். கையால் இயக்கும்போது இயங்கிய கட்டளை குரோனில் தோல்வியுறுவதுண்டு. குரோனுக்குக் கட்டளைகள் இருக்கும் இடங்கள் சிலவே தெரியும். ஆதலால் முழுப் பாதையையும் எழுதுவது அவசியம். கடவுச்சொல் கேட்டால் பதிலளிக்க அங்கு எவருமில்லை. இப்பணிக்கென மட்டுப்படுத்திய தனிச் சாவி வேண்டும். முதல் நாள் ஓட்டம் முடியுமுன் அடுத்தது தொடங்காதவாறு பூட்டிடுவதும், வட்டில் இடமுண்டா எனப் பார்ப்பதும் நன்று.

ஆயினும், குரோனின் மௌனத்தை வெற்றியென எண்ணுவதே பெரும் தவறு. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தின் பொறியியலாளர் ஒருவர் தவறான கணினியில் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். பதிப்பு முரண்பாட்டினால் அன்றாட ஏற்றுமதி தோல்வியுற்று வந்தமை அப்போதுதான் தெரியவந்தது. தோல்வியை அறிவித்த மின்னஞ்சல்களும் ஏற்கப்படாது நிராகரிக்கப்பட்டிருந்தன. ஆறு மணித்தியாலங்களுக்கு முன் ஒருவர் வேறொரு தேவைக்காக எடுத்து வைத்த பிரதியே அந்நிறுவனத்தைக் காப்பாற்றியது.

ஆகவே, வெற்றிச் செய்தி வராத நாளைத் தோல்வி நாளாகவே கொள்ள வேண்டும். பிரதியை வைத்திருக்கும் கணினியே தரவுகளை இழுத்தெடுக்கட்டும். மூலக் கணினிக்குப் பிரதிகளை அழிக்கும் அதிகாரம் இருத்தலாகாது. அப்போதுதான் மூலக் கணினிக்குள் நுழைந்தவர் பிரதிகளையும் அழிக்க இயலாது. மாதம் ஒருமுறையேனும் சில கோப்புகளை மீட்டெடுத்துத் திறந்து பார்ப்பதும் இன்றியமையாதது. இழந்தபின் தேடுவதிலும், இழக்குமுன் ஒரு மணித்தியாலம் ஒதுக்கிச் சோதிப்பதே விவேகமானது என்பதை நாம் வலியுறுத்துகின்றோம்.