எண்பது வீரரும் ஒரு தலைவரும்

பண்டைக்காலப் படைகளின் அமைப்பை நூல்களில் கற்கலாம். அதனை நடித்துக் காட்டிக் கற்பிக்கும் குழுக்களும் உலகில் உண்டு. இங்கிலாந்தில் 1972ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ‘எர்மின் ஸ்ட்ரீட் கார்டு’ அத்தகைய குழுவாகும். அதன் உறுப்பினர்கள் தொல்லியல் சான்றுகளைக் கொண்டு கவசங்களையும் படைக்கலங்களையும் உருவாக்கி, கி.பி. முதல் நூற்றாண்டு உரோமானிய வீரர்களாகத் தோன்றுகின்றனர்.

அக்கால உரோமானியப் படையில் 8 வீரர்கள் ஒரு கூடாரத்தில் தங்கினர். அத்தகைய 10 குழுக்கள் சேர்ந்தது ஒரு ‘செஞ்சுரி’. இப்பெயர் ‘நூறு’ என்னும் சொல்லோடு தொடர்புடையதாயினும், அதில் இருந்தவர்கள் 80 பேரே. அதன் தலைவர் ‘செஞ்சூரியன்’. அவரது தலைக்கவசத்தின் மேல் தூவி குறுக்காக அமைந்திருக்கும். அதனால் அவரை எளிதில் அடையாளம் காணலாம். அவருடைய துணைவர் ‘ஆப்டியோ’, நீண்ட கோலுடன் அணியின் பின்னே நின்று வரிசை கலையாமல் காப்பார். படைச்சின்னத்தை ஏந்துபவர் ‘சிக்னிஃபர்’. வீரர்களின் சேமிப்புப் பணத்தையும் அவரே பேணினார். கொம்பு ஊதி ஆணையை உணர்த்துபவர் ‘கார்னிசென்’.

நடிப்புதானே, இத்துணை ஒழுங்கு எதற்கு என நீங்கள் வினவலாம். காட்சியில் எறியப்படும் ஈட்டி கனமானது. ஆணைக்கு முன் ஒருவர் எறிந்தால் பிறர் காயமுறுவர். மற்றொரு காரணமும் உண்டு. தலைவரின் தூவியை அணிய எவரும் விரும்புவர். ஆனால், 20 பேர் நிற்கும் களத்தில் ஐவர் செஞ்சூரியனாக நின்றால், காண்போர் மனத்தில் பொய்யான வரலாறே பதியும். ஆகவே, பெரும்பாலோர் எளிய வீரராக நிற்க மனமுவந்து இசைதல் வேண்டும். பதவியின்றி வரிசையில் நிற்பவரும் வரலாற்றைக் கற்பிக்கும் ஆசிரியரே.