மாலத்தீவில் டீச்சர் வேலை: சம்பளம் சரி, வாழ்க்கை எப்படி?

செந்துறைப் பக்கம் முந்திரிக் காட்டையும் சிமென்ட் லாரிகளையும் பார்த்து வளர்ந்தவருக்குக் கடல் என்பது ஸ்கூல் டூரில் ஒருநாள் பார்த்த சமாச்சாரம். அப்படி ஒருவர் பி.எட். முடித்து, தனியார் பள்ளியில் சொற்பச் சம்பளத்துக்குக் கணக்குப் பாடம் எடுத்துக்கொண்டே டெட் தேர்வுக்கும் படிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒருநாள் வாட்ஸ்அப்பில் மெசேஜ் வருகிறது: மாலத்தீவில் டீச்சர் வேலை, தங்க இடம் உண்டு. வீட்டில் முதல் கேள்வி, “எவ்வளவு சம்பளம்?” பெண் என்றால் அடுத்தது, “தனியாவா போற?” அங்கே போய் எப்படி வாழ்வது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

முதலில், ஏன் மாலத்தீவு? 2022 கணக்கெடுப்பின்படி அந்த நாட்டின் மக்கள்தொகை சுமார் 5.15 லட்சம். 1,192 தீவுகளில் மக்கள் வசிப்பவை ஏறத்தாழ 190தான். தீவுக்கு ஒரு பள்ளியாவது வேண்டும். எல்லாப் பாடத்துக்கும் உள்ளூரில் ஆசிரியர் கிடைப்பதில்லை. திவேஹி மொழியும் இஸ்லாம் பாடமும் தவிர மற்றவை பெரும்பாலும் ஆங்கில வழியில் நடப்பதால், பல ஆண்டுகளாகவே தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் ஆசிரியர்கள் அங்கே போய்க்கொண்டிருக்கிறார்கள். திருவனந்தபுரத்திலிருந்து விமானம் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். திருச்சியிலிருந்து திருவனந்தபுரம் போகும் ரயில் பயணம் அதைவிடப் பல மடங்கு நீளம்.

ஆனால், மாலேயில் இறங்கினால் பயணம் முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். வேலை கிடைத்த தீவு வடக்கிலோ தெற்கிலோ எங்கேயும் இருக்கலாம். அந்த நாடு வடக்கிலிருந்து தெற்காக 800 கி.மீ.க்கு மேல் நீண்டு கிடக்கிறது. தென்கோடியில் உள்ள அட்டுவுக்குப் போஸ்டிங் என்றால் பூமத்திய ரேகையைத் தாண்டித்தான் போக வேண்டும்!

நம் ஊரில் டீச்சரம்மா ஸ்கூல் கேட்டைத் தாண்டினால் பஸ்ஸில் ஒரு பயணி, சந்தையில் ஒரு வாடிக்கையாளர். சின்னத் தீவில் அப்படிக் கரைந்துபோக முடியாது. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தே போய்விடலாம் என்கிற அளவில் இருக்கும் ஊர் அது. கடைக்குப் போனால் கல்லாவில் மாணவனின் அப்பா. படகுத்துறையில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள். சாயங்காலம் யாருடன் நடந்தீர்கள் என்பது மறுநாள் ஸ்டாஃப் ரூமுக்கு வந்துவிடும். அதே நெருக்கத்தால்தான், காய்ச்சல் என்று லீவு போட்டால் பக்கத்து வீட்டிலிருந்து மீன் ரசம் மாதிரியான ‘கருதியா’ வந்து சேரும். இதில் பாதுகாப்பும் உண்டு, மூச்சுமுட்டலும் உண்டு. எது அதிகம் என்பது ஆளைப் பொறுத்தது.

வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பீரியட் ஓடும்போது செந்துறையில் சித்தி மகளுக்கு வளைகாப்பு நடந்துகொண்டிருக்கும். மாலத்தீவு நேரம் நமக்கு அரை மணி நேரம் பின்னால் என்பதால் வீடியோ காலுக்குச் சிக்கலில்லை; ஆனால், கிழமை ஒத்துவராது. நண்பர்கள் வட்டம் என்பது பெரும்பாலும் சக இந்திய ஆசிரியர்களும் மருத்துவமனை நர்ஸ்களும்தான். நாகர்கோவில்காரர், கோட்டயம்காரர், அரியலூர்காரர் என்று ஒரே சமையலறையைப் பகிர்ந்துகொள்வதும், சாம்பாரில் தேங்காய் அரைக்கலாமா கூடாதா என்ற சண்டையும் அங்கே சகஜம்.

சாப்பாட்டில் மீன் பிடித்தவர்களுக்குக் கவலையில்லை. சூரை, தேங்காய், வெங்காயம் பிசைந்த ‘மஸ் ஹுனி’தான் அங்கே காலை உணவு. நம் தென்மாவட்டங்களில் ‘மாசி’ என்று விற்கிறார்களே, அதுவும் அந்தச் சூரைதான். சைவக்காரர்கள் பாடுதான் திண்டாட்டம். காய்கறி எல்லாம் கப்பலிலும் தோணியிலும் வர வேண்டும். தூத்துக்குடியிலிருந்து தோணிகள் சரக்கு ஏற்றிப் போவது பழைய வழக்கம். கடல் கொந்தளித்தால் தக்காளியும் தாமதம்.

போகும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்று, அது முழுக்க முழுக்க இஸ்லாமிய நாடு. கோயில், சர்ச் கிடையாது. வழிபாட்டுக்கான சாமி சிலையைக் கொண்டுபோகவும் அனுமதியில்லை. பொங்கலோ கிறிஸ்துமஸோ அறைக்குள்தான். ரமலான் பகலில் பொது இடத்தில் சாப்பிடக் கூடாது. மது, ரிசார்ட் தீவுகளில் மட்டும். இன்ஸ்டாகிராமில் நாம் பார்க்கும் நீலக் கடல் மர வீடுகளும் அந்த ரிசார்ட்களில்தான். ஒரு இரவு வாடகையே பல நூறு டாலர். ஆசிரியர்கள் ஊர் சுற்றுவது வேறு வழியில்: விடுமுறையில் ஃபெர்ரி பிடித்துப் பக்கத்துத் தீவு, அங்கே கெஸ்ட் ஹவுஸ், மறுநாள் திரும்பல். சமீப ஆண்டுகளில் வந்த ‘ஆர்.டி.எல்.’ ஸ்பீடு ஃபெர்ரிகள் இதைக் கொஞ்சம் எளிதாக்கியிருக்கின்றன.

இனி அந்த முதல் கேள்வி, சம்பளம். உண்மையான சிக்கல் தொகையில் இல்லை, நாணயத்தில் இருக்கிறது. சம்பளம் உள்ளூர் நாணயமான ரூஃபியாவில் வரும். அதை டாலராக்கித்தான் ஊருக்கு அனுப்ப முடியும். மாலத்தீவில் டாலர் தட்டுப்பாடு நீண்ட காலப் பிரச்சினை. அதிகாரபூர்வ விலை ஒரு டாலருக்கு 15.42 ரூஃபியா. ஆனால், வங்கிகள் மாதத்துக்கு இவ்வளவுதான் என்று வரம்பு வைக்கின்றன. வெளிச்சந்தையிலோ விலை கணிசமாக அதிகம். 2024 அக்டோபரில் இந்தியா 40 கோடி டாலரும் 3,000 கோடி ரூபாயும் நாணயப் பரிமாற்ற வசதியாகக் கொடுக்க வேண்டிய அளவுக்கு நெருக்கடி இருந்தது. அது ஏதோ இரு நாட்டுச் செய்தி என்று நாம் கடந்துபோயிருப்போம். வீட்டுக் கடன் இ.எம்.ஐ. கட்ட வேண்டிய டீச்சருக்கு அது மாதக் கடைசிச் செய்தி. எனவே, ‘மாசம் இவ்வளவு’ என்று ஏஜென்ட் சொல்வதை அப்படியே ரூபாயில் பெருக்கிக் கணக்குப் போடாதீர்கள். மாதம் எத்தனை டாலர் அனுப்ப முடிகிறது என்று ஏற்கெனவே அங்கே இருப்பவரிடம் கேளுங்கள்.

ஏஜென்ட் என்றதும் ஞாபகம் வருகிறது. மத்திய அரசின் ‘இ-மைக்ரேட்’ தளத்தில் அவர் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று இரண்டே நிமிடத்தில் பார்த்துவிடலாம். பதிவுபெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு உச்சவரம்பு 30,000 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. லட்சத்தில் பேரம் பேசுகிறார் என்றால் போனை வைத்துவிடுங்கள். ‘டூரிஸ்ட் விசாவில் வாங்க, அங்க மாத்திக்கலாம்’ என்றாலும் அதே பதில்தான். தமிழக அரசுக்கே 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. அதன் அறிவிப்புகளையும் பார்த்து வையுங்கள்.

வேலை உறுதியானால், கையெழுத்துப் போடும் முன் தீவின் பெயரைக் கேட்டு வாங்கி கூகுள் மேப்பில் தேடுங்கள். பள்ளியிலிருந்து படகுத்துறை நடக்கிற தூரத்தில்தான் இருக்கும். படகு எந்தெந்தக் கிழமை வரும் என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.