சிவில் இன்ஜினியரிங்: பணம் கட்டும் முன் பாருங்கள்



பிளஸ் டூ தேர்வு முடிவு வருமுன்பே சில பெற்றோர்கள் தனியார் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டுக்கு முன்பணம் கட்டிவிடுகிறார்கள். பிறகு இரண்டாம் ஆண்டுக் கட்டணத்துக்கு வழியின்றி வட்டிக் கடனில் விழுகிறார்கள். சிவில் படிப்புக்குப் பெரும்பாலும் அந்த அவசரம் தேவையே இல்லை.

கலந்தாய்வுதான் முதல் வாசல்

தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வில் கட்-ஆஃப் 200-க்குக் கணக்கிடப்படுகிறது: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. நம் சமுதாயத்துக்கு 2007 முதல் 3.5 சதவீத தனி ஒதுக்கீடு உண்டு. தரவரிசை நன்றாக இருந்தால் பொதுப்பிரிவு இடமும் கிடைக்கும்.

இப்போது பலரும் கம்ப்யூட்டர் சயின்ஸ் பக்கம் ஓடுவதால், சிவிலுக்குக் கட்-ஆஃப் குறைவாகவே நிற்கிறது. கம்ப்யூட்டர் சயின்ஸுக்குச் சாதாரணக் கல்லூரி கிடைக்கும் மதிப்பெண்ணுக்கு, சிவிலில் அதைவிட நல்ல கல்லூரி கிடைக்க வாய்ப்புண்டு. கிண்டி பொறியியல் கல்லூரி, கோவை, சேலம், திருநெல்வேலி, காரைக்குடி அரசுக் கல்லூரிகள், மதுரை தியாகராசர் கல்லூரி ஆகியவற்றின் முந்தைய ஆண்டு கட்-ஆஃபைப் பார்த்துவிட்டு மற்றவற்றை யோசியுங்கள்.

விருப்பப் பட்டியலை மனதுக்குப் பிடித்த வரிசையிலேயே எழுதுங்கள். ‘கிடைக்காது’ என்று நல்ல கல்லூரியைக் கீழே தள்ளினால் இழப்பு உங்களுக்கே.

நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் இந்தக் கலந்தாய்வில் வராது. தனியே விண்ணப்பிக்க வேண்டும். திருச்சி என்.ஐ.டி.க்கு ஜே.இ.இ. மெயின் தேர்வு அவசியம். அங்கே பாதி இடங்கள் தமிழ்நாட்டு மாணவர்களுக்கு உரியவை.

விளம்பரத்தில் எதைத் தேட வேண்டும்?

ஏ.ஐ.சி.டி.இ. அனுமதி என்பது கல்லூரி நடத்த அனுமதி. நாக் தரச்சான்று கல்லூரி முழுமைக்கும் உரியது. என்.பி.ஏ. அங்கீகாரமோ ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் தனித்தனியாக, குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மட்டும் தரப்படுவது. ‘என்.பி.ஏ. பெற்ற கல்லூரி’ என்று போட்டிருந்தால், சிவிலுக்கு இருக்கிறதா, எந்த ஆண்டு வரை என்று கேளுங்கள். என்.பி.ஏ. இணையதளத்தில் நீங்களே சரிபார்க்கலாம்.

வளைகுடா செல்ல நினைப்பவர்கள் இதைச் சிறிதாக எண்ண வேண்டாம். 2018-ல் குவைத் அரசு, இன்ஜினியர்கள் விசா புதுப்பிக்க அந்நாட்டுப் பொறியாளர் சங்கத்தின் தடையின்மைச் சான்று வேண்டும் என்றது. அச்சங்கம் இந்தியப் பட்டங்களுக்கு என்.பி.ஏ. அங்கீகாரத்தைக் கேட்டது. பல ஆண்டுகள் அங்கே வேலை பார்த்தவர்கள்கூடத் தவித்துப் போனார்கள்.

உள்ளூரில் அரசு வேலைக்குத் தேர்வு எழுதுவதுதான் நோக்கம் என்றால், கல்லூரியின் பெயரைவிடப் பிள்ளை பாடத்தைப் புரிந்து படிப்பதே முக்கியம்.

நேரில் போய்ப் பாருங்கள்

கட்டடம், பேருந்து, கேன்டீன் பார்த்துத் திரும்பாதீர்கள். சிவில் துறையின் சர்வே கருவிகள், கான்கிரீட் சோதனைக் கூடம், மண் சோதனைக் கூடம் ஆகியவற்றைக் காட்டச் சொல்லுங்கள். சர்வே கேம்ப் நடக்கிறதா? போன வருடம் சிவிலில் எத்தனை பேர் சேர்ந்தார்கள்? மிகக் குறைவு என்றால் அந்தத் துறை எத்தனை நாள் நிற்கும் என்று யோசிக்க வேண்டும். இறுதியாண்டு மாணவர் இருவரிடம் தனியாகப் பேசுங்கள். ஆசிரியர்கள் நிலையாக இருக்கிறார்களா என்பது தெரிந்துவிடும்.

சான்றிதழ்கள் தயாரா?

பி.சி.எம். சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று ஆகியவற்றை இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பியுங்கள். ஆதாரிலும் மதிப்பெண் பட்டியலிலும் பெயர், இனிஷியல் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். நம் பிள்ளைகள் பலர் தடுமாறுவது இங்கேதான்.

ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு. அவர்களின் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. அரசு உதவி பெறும் பள்ளியில் படித்தவர்களுக்கு இது பொருந்தாது.

விருப்பப் பட்டியல் தயாரிப்பதில் சந்தேகம் இருந்தால், மதிப்பெண் பட்டியலுடன் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வாருங்கள். எங்கும் முன்பணம் கட்டுவதற்கு முன்பே வாருங்கள்.

நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும் ஹலாலான வாழ்வாதாரத்தையும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.

- செயலாளர்