உவரின்மேல் மிதக்கும் நன்னீர்

ஒரு வளவுக் கிணற்றில் நல்ல தண்ணீரும், நாலு முழம் தள்ளிய வளவில் சவர்த் தண்ணீருமாய் இருக்கும் விசித்திரம் வல்வெட்டித்துறை போன்ற கரையோர ஊர்களில் வாழ்வோருக்குப் புதிதன்று. வற்றாத நதி ஒன்றேனும் இல்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டில், ஐப்பசி முதல் மார்கழி வரை பொழியும் மழையே சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளினூடே இறங்கி, அடியிலே பரந்து கிடக்கும் உவர்நீரினும் இலேசானதாதலால், அதன்மேல் மிதந்து நிற்கின்றது. அன்னபூரணி என்னும் பாய்க்கப்பலைக் கட்டி, 1938-இல் அது அமெரிக்காவின் குளோஸ்டர் துறையை அடையக் கண்ட வல்வெட்டித்துறை ஊராருக்கு, மிதப்பதன் தத்துவத்தை நான் விளக்கவேண்டியதில்லை. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓரடி நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பதடி ஆழத்துக்கு அது நிலைபெறும். மேலே அந்த ஓரடியை இறைத்துத் தீர்த்தாலோ, கீழிருந்து உவர் அத்தனை தூரம் ஏறிவர வழி பிறக்கின்றது. துலா மிதித்துப் பட்டையால் இறைத்த காலத்தில் மனித தேகத்தின் களைப்பே கிணற்றுக்குக் காவலாயிருந்தது, இயந்திரத்துக்குக் களைப்பில்லை.

சவரையேனும் நாக்கு அறியும். தோட்டத்துப் பசளையிலிருந்தும் மலசலகூடக் குழியிலிருந்தும் கசியும் நைத்திரேற்றுக்கு நிறமுமில்லை, ருசியுமில்லை. கொதிக்கவைத்தாலும் அது நீங்காது. லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாதென்று உலக சுகாதார நிறுவனம் விதித்திருப்பது, முக்கியமாய்ச் சிசுக்களின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியை அது குன்றச்செய்யும் என்பதனாலேயே. கென்யாவிலும் தான்சானியாவிலும் மசாய் இனப் பெண்கள் பலர் தண்ணீருக்காக நெடுந்தூரம் நடக்கின்றனர். நமக்கோ தண்ணீர் முற்றத்திலேயே இருக்கின்றது, ஆனால் நம் முற்றத்து அழுக்கும் அதிலேயே இறங்குகின்றது.

நன்னீர்த் தட்டுப்பாட்டைத் தீர்க்க, ஆனையிறவுக் கடல்நீரேரியை நன்னீராக்கி, முள்ளியான் வாய்க்கால் வழியே வடமராட்சி நீரேரிக்குக் கொணரவேண்டுமென்ற பொறியியலாளர் ஆறுமுகத்தின் ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என்னும் திட்டம் இன்றளவும் முழுமையாக நிறைவேறவில்லை. வல்வெட்டித்துறைக்கு அயலிலுள்ள தொண்டைமானாற்றுத் தடுப்பணை அம்முயற்சியின் ஓர் அங்கமாய் நிற்கின்றது. 2024 ஆகஸ்டில் வடமராட்சி கிழக்கிலுள்ள தாளையடியில் திறக்கப்பெற்ற நிலையம், கடல்நீரை நுண்ணிய சவ்வுகளினூடே அமுக்கி உப்பகற்றி, நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் குடிநீர் வழங்க வல்லது. அது பேருபகாரமே, எனினும் மின்சாரம் செலவிட்டுக் கடலிலிருந்து பிரித்தெடுக்கும் நீரைவிட, வானம் இலவசமாய்த் தரும் நீரைக் காப்பதே முதற்கடமையென்பது என் துணிபு. தோட்டத்துப் பயிர் இன்னும் கிணற்றையே நம்பி நிற்கின்றது.

ஆதலால், அன்பர்களே, புதிய மலசலகூடக் குழி வெட்டும்போது உங்கள் கிணற்றுக்குள்ள தூரத்தை மட்டுமன்றி, அயலவரின் கிணற்றுக்குள்ள தூரத்தையும் அளந்து பாருங்கள்.