பெற்றோரிடம் பேசும் கலை



பத்தாம் வகுப்பு மாணவிக்குத் திருமணப் பேச்சு நடப்பதாகத் தகவல் வருகிறது. சமூகப் பணியாளர் அந்த வீட்டுக்குச் செல்கிறார். "பதினெட்டு வயதுக்கு முன் கல்யாணம் செய்தால் ஜெயில், தெரியுமா?" என்று தொடங்குகிறார். "அப்படி ஒன்றும் இல்லீங்களே" என்கிறார் தகப்பன். அதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. திருமணம் வேறு ஊரில் நடந்துவிடுகிறது.

பணியாளர் சொன்னது உண்மைதான். 2006-ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி, நடத்தி வைப்பவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறையும் ஒரு இலட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஆனால் சட்டத்தை அறிவிப்பது வேறு, பெற்றோரோடு உரையாடுவது வேறு.

நமது தருமபுரி மாவட்டம் இதை அனுபவத்தில் கண்டது. பெண் சிசுக்கொலைக்குப் பெயர்போன காலத்தில், 1997 முதல் 1999 வரை, டென்மார்க் நாட்டின் டானிடா உதவியுடன் நடந்த சுகாதாரத் திட்டத்தில் கலைப் பயணம் நடத்தப்பட்டது. வீட்டுக்குள் மறைத்த விஷயம், நாடகமும் பாட்டுமாக ஊர் நடுவே பேசப்பட்டது. 2001-இல் தொட்டில் குழந்தைத் திட்டமும் இங்கு வந்தது. ஆறு வயது வரையுள்ள ஆண் குழந்தைகள் ஆயிரம் பேருக்கு, 2001-இல் 826 ஆக இருந்த பெண் குழந்தைகள் 2011-இல் 913 ஆயினர். காரணங்கள் பல, மக்களோடு பேசியதும் அவற்றுள் ஒன்று.

அப்படியானால் பணியாளருக்கு எதைக் கற்பிக்க வேண்டும்?

முதலாவது, கேட்கும் விதம். "ஏன் இப்படிச் செய்கிறீர்கள்?" என்பது குற்றச்சாட்டு. "பிள்ளையைப் பற்றி உங்களுக்கு என்ன கவலை?" என்பது அழைப்பு.

இரண்டாவது, கேட்டதைத் திருப்பிச் சொல்லுதல். "நாங்க ரெண்டு பேரும் பெங்களூருக்கு வேலைக்குப் போறோம். வயசுப் பிள்ளையை யாரிடம் விடுவது?" என்கிறார் தாய். உடனே அறிவுரை வேண்டாம். "தனியாக விட்டுப் போகப் பயமாக இருக்கிறது, இல்லையாம்மா?" என்று கேட்டால் போதும். தன் பயம் புரிந்துகொள்ளப்பட்டது என்று கண்ட பிறகுதான், அரசு மாணவியர் விடுதியைப் பற்றியும், அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேரும் பெண்களுக்கு 2022 முதல் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்தைப் பற்றியும் சொல்வது அவர் காதில் ஏறும்.

மூன்றாவது, நடித்துப் பழகுதல். பயிற்சியில் ஒருவர் தாயாக, மற்றவர் பணியாளராக அமரட்டும். பின்பு இடம் மாறட்டும். தாயின் இடத்தில் ஒருமுறை அமர்ந்தவர், தமது அதட்டல் எப்படி ஒலிக்கிறது என்பதை அறிவார்.

செவிமடுப்பது என்றால் உடன்படுவது என்று பொருளல்ல. திருமண நாள் குறித்தாயிற்று என்றால், தயங்காமல் 1098-ஐ அழைக்க வேண்டும். பெற்றோரின் மனவருத்தத்தைவிடச் சிறுமியின் பாதுகாப்பே முதன்மையானது.

ஆனால் நாள் குறிப்பதற்கு முன்பு எத்தனையோ மாதங்கள் உள்ளன. அந்த மாதங்களில் அவ்வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, அந்தத் தாய் சொல்வதைக் கேட்டவர் யார்? பணியாளர் மாதம் ஒருமுறை வருபவர். அடுத்த வீட்டிலேயே வாழ்பவர்கள் நாம்.