48 மணி நேரத்திற்குள்

பிரியாணியில் போடும் அன்னாசிப்பூவுக்கும் சளிக்காய்ச்சல் மருந்துக்கும் தொடர்பு உண்டு என்றால் நம்புவீர்களா? நானும் முதலில் நம்பவில்லை. அந்தப் 'பூ'விலிருந்து (உண்மையில் அது காய்தான்) எடுக்கப்படும் ஷிக்கிமிக் அமிலத்தைக் கொண்டே 'தமிஃபுளூ' எனப்படும் ஒசல்டமிவிர் தயாரிக்கப்பட்டு வந்தது.

இம்மருந்து வைரஸைக் கொல்வதில்லை. உடலின் உயிரணுவுக்குள் புகும் வைரஸ், தன்னைப் போலவே பலவற்றை உருவாக்குகிறது. அவை வெளியேறுகையில் உயிரணுவின் மேற்பரப்பிலேயே ஒட்டிக்கொள்ளும். நியூராமினிடேஸ் என்னும் நொதி, கத்தரிக்கோல் போல அந்தப் பிணைப்பை வெட்டி அவற்றை விடுவிக்கும். மருந்து அக்கத்தரிக்கோலை முடக்கிவிடுகிறது. ஆனால், வைரஸ் ஏற்கெனவே பெருகிப் பரவிவிட்டால் முடக்கிப் பெரிய பயனில்லை. எனவேதான் அறிகுறி தோன்றிய 48 மணி நேரத்திற்குள் மருந்தைத் தொடங்கச் சொல்கிறார்கள்.

2009 ஜூன் 11-ஆம் நாள் உலகச் சுகாதார நிறுவனம் எச்1என்1 காய்ச்சலைப் பெருந்தொற்றாக அறிவித்தது. பறவைக் காய்ச்சலுக்கு அஞ்சிப் பல நாடுகள் அதற்கு முன்பே இம்மருந்தைச் சேமித்து வைத்திருந்தன. அது வீண்செலவு என்போரும் உண்டு. 2014-இல் வெளிவந்த கோக்ரேன் ஆய்வின்படி, பெரியவர்களுக்கு அறிகுறிகள் ஏறத்தாழ 17 மணி நேரமே முன்னதாகத் தணிந்தன. இருப்பினும் கர்ப்பிணிகள், நீரிழிவு நோயாளிகள் போன்றோருக்கு மருத்துவர்கள் இன்றும் இதைக் கொடுக்கிறார்கள். கையிருப்பு வேண்டும் என்பதே என் கருத்து.

என் கவலை வேறு. அம்மாவுக்கு நீரிழிவு உண்டு. காய்ச்சல் வந்தால் முதல் நாள் பெனடோல், இரண்டாம் நாள் மிளகு ரசம். கிளினிக்குக்குப் போவதோ மூன்றாம் நாள்தான்.