பந்திக்குப் பிறகு தாலி: கோப்புறைக்குள் குழம்பும் காலம்

சாங்கியில் விமானம் ஏறி, திருச்சியிலோ சென்னையிலோ உறவினர் கல்யாணத்தைப் பார்த்துவிட்டு நாலு நாளில் சிங்கப்பூர் திரும்பும் குடும்பங்கள் ஏராளம். வந்ததும் அப்பாவின் கேமரா, அம்மாவின் கைபேசி, பிள்ளைகளின் கைபேசிகள் எல்லாவற்றிலும் உள்ள படங்களை வீட்டுக் கணினியில் ஒரே கோப்புறையில் கொட்டுவார்கள். 'எடுத்த தேதி' வாரியாக அடுக்கிப் பார்த்தால், இலை போட்டுப் பந்தியில் உட்கார்ந்திருக்கும் படங்கள் முதலில் வரும். தாலி கட்டும் படங்கள் அதற்கும் கீழே கிடக்கும்.

கணினி பிழை செய்யவில்லை. கைபேசி திருச்சியில் இறங்கியதுமே இந்திய நேரத்துக்கு மாறிவிட்டது. கேமராவின் கடிகாரத்தை யாரும் தொடவில்லை. அது சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடியது. இரண்டுக்கும் இடைவெளி இரண்டரை மணி நேரம். காலை ஒன்பது மணிக்குக் கட்டிய தாலியைக் கேமரா பதினொன்றரை என்று பதிந்தது. பதினொரு மணிப் பந்தியைக் கைபேசி பதினொன்று என்றே பதிந்தது. டிஜிட்டல் படங்களுக்குள் ஒளிந்திருக்கும் 'எக்ஸிஃப்' குறிப்பில் பல காலம் நேரம் மட்டுமே இருந்தது; எந்த ஊர் நேரம் என்று எழுத இடமில்லை. 2016இல் வந்த 2.31ஆம் பதிப்பில்தான் அதற்குத் தனி இடம் ஒதுக்கினார்கள். பழைய கேமராக்களுக்கு அதனால் பயனில்லை. புறப்படும் முன் கேமராவின் நேரத்தை மாற்றுவது ஒரு வழி. மறந்திருந்தால், கேமராப் படங்களை மட்டும் தேர்ந்தெடுத்து மொத்தமாக இரண்டரை மணி நேரம் பின்னுக்குத் தள்ளித் தரும் மென்பொருள்கள் இருக்கின்றன.

இந்த இரண்டரை மணி நேரத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. சாங்கி விமான நிலையம் 1981 ஜூலை 1 அன்று இயங்கத் தொடங்கியபோது, சிங்கப்பூர் இந்தியாவைவிடச் சரியாக இரண்டு மணி நேரம்தான் முன்னால் இருந்தது. அந்த ஆண்டின் கடைசி இரவில் பதினொன்றரை மணி அடித்ததும் கடிகாரங்கள் நள்ளிரவுக்குத் தாவின. தீபகற்ப மலேசியா கிழக்கு மலேசியாவின் நேரத்துக்கு மாற, சிங்கப்பூரும் உடன் மாறியது. அந்த அரை மணி நேரம் இன்றும் நம் கல்யாண ஆல்பங்களில் உட்கார்ந்திருக்கிறது.

கோப்புகளுக்குக் கணினியே இடும் தேதிகளும் நம்பத் தகுந்தவை அல்ல. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறை, 1601 ஜனவரி 1 முதல் கடந்த காலத்தை நூறு நானோநொடி அலகில், உலகப் பொது நேரத்தில் எண்ணி வைக்கிறது. திரையில் காட்டும்போது உள்ளூர் நேரமாக மாற்றுகிறது. ஃபேட் முறையில் அமைந்த மெமரி கார்டோ உள்ளூர் நேரத்தை அப்படியே எழுதுகிறது, அதுவும் இரண்டு நொடிக்கு ஒரு படி என்ற கணக்கில். ஒரு கோப்பை வேறு வட்டுக்கு நகலெடுத்தால், 'உருவாக்கிய தேதி' நகலெடுத்த நாளாகிவிடும். 'மாற்றிய தேதி' பழையபடி நிற்கும். பிறப்பதற்கு முன்பே திருத்தப்பட்டதாகக் காட்டும் கோப்புகள் இப்படித்தான் உருவாகின்றன. வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் எக்ஸிஃப் குறிப்பே உதிர்ந்துவிடும். தாத்தா 1981இல் சாங்கியில் கையசைத்து நிற்கும் படத்தை இன்று ஸ்கேன் செய்தால், கணினிக்கு அது இன்றைய கோப்பு.

ஆகவே நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்: நீங்கள் எந்த வரிசையில் பார்க்க விரும்புகிறீர்களோ, அதற்கான தகவலைக் கோப்பின் பெயரிலேயே எழுதுங்கள். நகலெடுத்தாலும், கணினியையே மாற்றினாலும் மாறாமல் கூடவே வருவது பெயர்.

ஏன் பெயர்? வட்டில் கோப்புகள் நாம் திரையில் பார்க்கும் வரிசையில் கிடப்பதில்லை. ஃபேட் முறையில் கோப்புறை என்பது பெரும்பாலும் எழுதிய வரிசையிலேயே நீளும் ஒரு பட்டியல். பென் டிரைவில் ஏற்றிய பாட்டுகளைச் சில கார் ஸ்டீரியோக்கள் ஏறுமாறாகப் பாடுவது அதனால்தான்; அவை அடுக்குவதே இல்லை, இருந்தபடி படிக்கின்றன. மற்றபடி, கோப்புறையை ஒவ்வொரு முறை திறக்கும்போதும் மென்பொருள் ஒரு சாவியை எடுத்துக்கொண்டு (பெயர், தேதி, அளவு என ஏதோ ஒன்று) புதிதாக அடுக்கித்தான் காட்டுகிறது. ஐயாயிரம் படங்களை ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் ஒப்பிட்டால் சுமார் ஒன்றேகால் கோடி ஒப்பீடுகள் ஆகும். பாதி பாதியாகப் பிரித்து, அடுக்கி, மீண்டும் இணைத்தால் அறுபதாயிரத்துக்குள்ளேயே முடியும். இந்த 'இணைத்து அடுக்கும்' முறையை ஜான் வான் நியூமன் 1945இலேயே எழுதிவிட்டார். வேகம் இன்று ஒரு சிக்கலே இல்லை. தவறான சாவியைக் கொடுத்தால் தவறான வரிசை மின்னல் வேகத்தில் வரும், அவ்வளவுதான்.

பெயரில் தேதி எழுதுவதற்கும் முறை இருக்கிறது. நாம் பழகியபடி நாள், மாதம், ஆண்டு என்று எழுதினால் எல்லா ஆண்டுகளின் முதல் தேதிகளும் ஒன்றாகக் கூடிவிடும். மாதப் பெயரை எழுதினால் அகர வரிசையில் அக்டோபர் முதலில் வந்து நிற்கும், அடுத்தது ஆகஸ்ட். ஆண்டு, மாதம், நாள் என்று எழுதும் முறையை 1988இல் ஐஎஸ்ஓ 8601 தரமாக அறிவித்தார்கள். '2024-01-15 பொங்கல்' என்று எழுதினால் அகர வரிசையும் கால வரிசையும் ஒன்றாகிவிடுகின்றன. மாதத்துக்கு எப்போதும் இரண்டு இலக்கம் வேண்டும். விண்டோஸ் எக்ஸ்பி காலத்திலிருந்து கோப்பு மேலாளர் 2ஐ 10க்கு முன்னால் வைக்கக் கற்றிருந்தாலும், எல்லா மென்பொருளும் அப்படியில்லை. தாத்தா படத்துக்கு நாள் தெரியாவிட்டால் '1981' என்று மட்டும் எழுதலாம்.

தேடினால் கிடைத்துவிடுமே, அடுக்குவானேன் என்று பிள்ளைகள் கேட்பார்கள். 'சயன்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்' இதழில் 2015இல் வந்த ஓர் ஆய்வு இதற்கு அழகான விடை தருகிறது. எம்ஆர்ஐ கருவிக்குள் இருந்தபடி கோப்புகளை எடுக்கச் சொல்லிப் பார்த்தார்கள். கோப்புறை வழியே போனவர்களின் மூளையில், நிஜ ஊரில் வழி காணும்போது இயங்கும் பகுதிகள் இயங்கின. சொல்லைத் தட்டித் தேடியபோது மொழிக்கான பகுதி வேலை செய்தது. தேக்கா சந்தையில் மீன் கடைக்குப் போக நாம் கடையின் பெயரை நினைப்பதில்லை. கால்கள் தாமாகத் திரும்புகின்றன. கோப்புறையும் அப்படித்தான் பழகுகிறது. மசேநிதி (மத்திய சேமநிதி), வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்), பள்ளி, மருத்துவம், ஊர் என்று மேலடுக்கில் சில கோப்புறைகள் போதும். அவற்றை அடிக்கடி இடம் மாற்றாமல் இருப்பது, எத்தனை என்பதைவிட முக்கியம்.

இனி தமிழ்ப் பெயர்கள். கோப்புகளுக்குத் தமிழில் பெயரிடத் தயங்குபவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. இந்த ஊருக்கு அந்தத் தயக்கம் தேவையில்லை. தேசியக் கல்விக் கழகத்தில் பணியாற்றிய எழுத்தாளர் நா. கோவிந்தசாமியின் உழைப்பால், 1995 அக்டோபரில் அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கிவைத்த சிங்கப்பூர்க் கவிதைத் தளத்தில் தமிழ் இணையத்தில் ஏறியது. 1997இல் தமிழ் இணைய மாநாடு இங்கே கூடியது. தமிழ்க் கணிமைக்கான உத்தமம் அமைப்பு 2000ஆம் ஆண்டு இங்கேதான் பிறந்தது. ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியீடு என்றிருந்த அந்நாளில் அந்த முன்னோடிகள் மல்லுக்கட்டிய சிக்கல்களில் ஒன்றின் மிச்சம் நம் கோப்புறைக்குள் இன்னும் இருக்கிறது.

யூனிகோடில் தமிழின் எழுத்து வரிசை, இந்திய மொழிகளுக்குப் பொதுவாக வகுத்த இஸ்கி அட்டவணையைப் பின்பற்றியது. அதில் ந-வுக்கு அடுத்து ன, ர-வுக்கு அடுத்து ற, ல-வுக்கு அடுத்து ள, ழ. ஆய்த எழுத்து அகரத்துக்கும் முன்னால். புள்ளி எல்லா உயிர்க்குறிகளுக்கும் பின்னால். குறியீட்டு எண்ணை மட்டும் பார்த்து அடுக்கும் மென்பொருள் 'அகம்' கோப்பை 'அக்கா'வுக்கு முன்னால் வைக்கும். நம் அகராதியில் அக்காவே மூத்தவள். இதைச் சரிசெய்ய, ஒவ்வொரு மொழியின் அகர வரிசையையும் சொல்லும் தனி விதிகள் யூனிகோடிலேயே உண்டு. அவற்றைக் கேட்டு நடக்கும் மென்பொருளும் உண்டு, கேட்காததும் உண்டு.

இன்னொரு சிக்கல் கண்ணுக்கே தெரியாது. 'கொ' என்பதன் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். பழைய மேக் கணினிகள் இரண்டாகப் பிரித்தே சேமித்தன. அங்கிருந்து வந்த 'கொழும்பு' கோப்புறையும் விண்டோஸில் தட்டச்சிட்ட 'கொழும்பு' கோப்புறையும் அருகருகே, ஒரே பெயரோடு நிற்கக்கூடும். அப்படிக் கண்டால் ஒன்றை அவசரப்பட்டு அழித்துவிடாதீர்கள். உள்ளே இருப்பவை வேறாக இருக்கலாம்.

உங்கள் கணினி எந்த வரிசையைப் பின்பற்றுகிறது என்று அறிய 'அலை', 'அனல்' என்று இரண்டு வெற்றுக் கோப்புறைகளை உருவாக்கிப் பெயர் வாரியாக அடுக்குங்கள். அலை மேலே வந்தால் அதற்குத் தமிழ் வரிசை தெரியும். அனல் மேலே வந்தால், தமிழ்ப் பெயர்களை விட்டுவிட வேண்டாம். 01, 02 என்று இரண்டு இலக்க எண்ணை முன்னால் சேர்த்துக்கொள்ளுங்கள். இப்படி எழுதிய எண்களை, பெயர் வாரியாக அடுக்கும் எந்த மென்பொருளும் இடம் மாற்றி வைப்பதில்லை.